கேத்திப் பள்ளத்தாக்கும் நீலகிரியின் மார்கழியும்

மேட்டுப்பாளையத்தில் ஏறி மலை ரயிலில் ஊட்டி போனவர்களுக்குத் தெரியும். குன்னூர், வெலிங்டன், அருவங்காடு தாண்டினால் கேத்தி என்று ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். ஒரு பக்கம் பெரிய பள்ளத்தாக்கு திறந்துகொள்ளும். கீழே படிப்படியாக கேரட், உருளை, முட்டைக்கோஸ், பூண்டு. மேலே தேயிலை. நடுவில் வரிசை வரிசையாகப் படுகர்களின் ஹட்டிகள். உலகத்திலேயே இரண்டாவது பெரிய பள்ளத்தாக்கு என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். யார் அளந்தார்கள் என்று இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அது போகட்டும். இந்தக் கேத்தியில் 1830-களின் கடைசியில் பாண்டிச்சேரி கவர்னர் ஒருவர் வீடு எடுத்துத் தங்கியிருந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம்.

காரைக்காலில் பிரெஞ்சு மொழியில் பள்ளிப் படிப்பு படித்தவன் நான். பிறகு தமிழ்நாடு அரசு உத்தியோகம் என்னை எங்கெங்கோ கொண்டுபோய், கடைசியில் அவிநாசியில் இறக்கிவிட்டது. நடுவில் குன்னூரில் சில வருஷம். அங்கே இருந்தபோதுதான் இந்தப் பிரெஞ்சுக்காரர்களின் கதை கண்ணில் பட்டது. நீலகிரியின் குளிர்காலம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டுமானால் அவர்களிடமிருந்து தொடங்குவது வசதி. ஏனென்றால் அந்தக் குளிரைத் தேடித்தான் அவர்கள் வந்தார்கள்.

முதலில் வந்தவர் லெஷெனோ த லா தூர். பிரெஞ்சு அரசரின் தாவரவியலாளர். அதற்கு முன்பே ஆஸ்திரேலியா, ஜாவா எல்லாம் சுற்றியவர். பாண்டிச்சேரியில் தாவரத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு உடம்பு மிகவும் மோசமாகிவிட்டது. 1819-இல் நீலகிரி ஏறினார். அப்போது நீலகிரி என்று தனி ஜில்லா கிடையாது, நம் கோயம்புத்தூர் ஜில்லாவோடு சேர்ந்தது. கலெக்டர் ஜான் சல்லிவன் அதே வருஷம் ஜனவரியில்தான் முதல் முறையாக மேலே போய் வந்து, அந்தக் குளிரைப் பற்றி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். லெஷெனோவுக்கு மலையில் உடம்பு தேறியது. ஒரு பிரெஞ்சுப் பண்டிதரே தேறிவிட்டார் என்ற செய்தி சல்லிவனுக்கு நல்ல சாட்சியாகப் போயிற்று. நோயாளிச் சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கும் இதுதான் இடம் என்று அவர் மேலே எழுத, பிறகு நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1822-இல் ஊட்டியில் கல் பங்களா கட்ட ஆரம்பித்தார். அது இன்றும் இருக்கிறது.

அடுத்து வந்தவர்தான் கேத்திக்காரர். சென்னை அரசு கேத்தியில் ஒரு சோதனைப் பண்ணை நடத்தியது. ஐரோப்பியக் காய்கறி, பழம், தானியம் எல்லாம் இந்த மலையில் விளையுமா என்று பார்ப்பதற்கு. 1836-இல் பண்ணையை மூடிவிட்டார்கள். காலியான பங்களாவைப் பாண்டிச்சேரி கவர்னர் மார்க்கி த சேன் சிமோனுக்குத் தங்கக் கொடுத்தார்கள். அந்தத் தோட்டத்தில் சீனாவிலிருந்து கல்கத்தா வழியாக வந்த தேயிலை நாற்றுகள் கொஞ்சம் கிடந்தன. பண்ணையோடு அவற்றையும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். பாண்டிச்சேரியிலிருந்து வந்த தாவரவியலாளர் பெரோத்தே பார்த்தபோது, செடிகளை இலை வரைக்கும் மண்ணில் புதைத்து வைத்திருந்ததாம். தோட்டக்காரருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெரோத்தே மண்ணை விலக்கிவிட்டார். 1838-இல் அவை பூவும் காயுமாக நின்றன. நீலகிரித் தேயிலையின் கதையில் இது ஒரு பாரா அளவுக்குத்தான் வரும். எனக்கு அது பெரிய பாரா. பெரோத்தே பிறகு பாண்டிச்சேரியிலேயே நிலைத்து 1870-இல் அங்கேயே காலமானார். கேத்தி வீடு கைமாறி, எல்ஃபின்ஸ்டன் பிரபு செலவு செய்து அலங்கரித்து, கடைசியில் பாசல் மிஷனிடம் போய்ச் சேர்ந்தது.

இவர்கள் எல்லோரும் நீலகிரியைப் பற்றி எழுதியதைப் படித்தால் ஒன்று தெரியும். அவரவர் எதற்காக வந்தார்களோ அதையே பார்த்தார்கள். நோயாளிக்கு நல்ல காற்று. தாவரவியலாளருக்கு நல்ல மண். அதிகாரிக்கு, ஓய்வூதியக்காரர்கள் குடியேற ஒரு குட்டி இங்கிலாந்து. ஐரோப்பாவின் வசந்தம் வருஷம் முழுக்க இருக்கிறது என்று எழுதினார்கள். ஆனால் இந்த மலையின் குளிர்காலத்துக்கு ஒரே முகம் கிடையாது. திங்கட்கிழமை வெயில், செவ்வாய்க்கிழமை உறைபனி, வியாழக்கிழமை மூன்று நாள் சாரலுக்கு ஆரம்பம், அடுத்த வாரம் ரோட்டை மூடும் காற்றும் மழையும். ஐந்து நாள் லீவில் போகிறவருக்கு இதில் ஏதோ ஒன்று கிடைக்கும். அதை அவர் ஊட்டியின் குளிர் என்று நினைத்துக்கொண்டு இறங்குவார்.

காலநிலையை ஒழுங்காக அளக்க வேண்டும் என்று நினைத்தவர் சென்னை வானியல் ஆய்வுக்கூடத்தின் தாமஸ் கிளான்வில் டெய்லர். 1847-இல் தொட்டபெட்டாவில் அதற்கென்றே ஒரு பங்களாவில் அளவீடுகள் தொடங்கின. கடல் மட்டத்துக்கு 2,637 மீட்டர் மேலே, தமிழ்நாட்டிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய உச்சிகளில் ஒன்றில், ராத்திரியும் பகலும் பாதரசத்தைப் பார்த்துக் குறித்தவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அலுவலகப் பதிவேட்டில் காலத்தை ஓட்டியவனுக்குத்தான் அந்தச் சங்கடம் புரியும். குளிரில் மை ஓடாது, விரல் மடங்காது.

இனி அந்தக் குளிர் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு இதை முதலில் விளங்க வைத்தவர் புத்தகம் அல்ல, கேத்திப் பாலாடாவில் தோட்டம் வைத்திருந்த ஒரு பெரியவர். வானத்தைப் பார்த்துவிட்டு, "மப்பு போட்டிருக்குதுங்க சார், இன்னிக்குப் பனி விழாதுங்க, நிம்மதியாத் தூங்கலாம்" என்பார். எனக்கு ஆச்சரியமாக இருக்கும். மேகம் கறுத்தால் குளிர் அதிகம் என்றுதான் சமவெளிக்காரன் நினைப்பான்.

பகலில் பூமி வாங்கிய சூட்டை ராத்திரி வானத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. மேகம் இருந்தால் அது கம்பளி போர்த்தியது போல அந்தச் சூட்டைத் தடுத்து வைக்கும். வானம் துடைத்துவிட்டது போல இருந்தால் தடுக்க ஆள் இல்லை. தரை சீக்கிரம் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் போலவே அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் உச்சியான தொட்டபெட்டாவை விட ஊட்டி ரேஸ்கோர்ஸ், காந்தல், தலைக்குந்தா போன்ற பள்ளமான இடங்கள் முதலில் வெளுக்கின்றன. காற்று அடித்தால் இந்தத் தேங்கிய குளிர் கலைந்துபோகும். ஆகவே உறைபனிக்கு இரண்டு வேண்டும்: தெளிந்த வானம், அசையாத காற்று. இரண்டில் ஒன்று தவறினாலும் பனி இல்லை.

கார்த்திகையில் முதலில் வருவது நீர்ப்பனி. புல்லில் முத்து முத்தாக நிற்கும், காலை நனைக்கும், அவ்வளவுதான். மழைக்காலம் ஓய்ந்து காற்று காய்ந்த பிறகுதான் உறைபனி. மார்கழியிலும் தையிலும் அதன் ஆட்சி. வங்கக் கடலில் ஒரு தாழ்வு நிலை வந்தால் மேகம் வந்து பனி தள்ளிப்போகும். அது கலைந்த மறுநாளே ஒரேயடியாக விழும். ஊட்டியில் பகலில் இருபது டிகிரி வெயிலில் சட்டையோடு நடந்தவன், விடியற்காலையில் ஸ்கூட்டர் சீட்டில் பனிக்கட்டியைச் சுரண்டுவான். அதிகாலை அளவுமானி ஒன்றோ இரண்டோ காட்டும்போதே, தரையில் புல் நுனியில் சுழியத்துக்குக் கீழே போயிருக்கும்.

பார்ப்பதற்கு அழகு. தோட்டக்காரருக்கு அது கணக்கு. இலையின் உள்ளே இருக்கும் நீர் உறைந்து அதன் அணுவறைகள் உடைந்துவிடும். வெயில் வந்ததும் இலை வெந்தது போலக் கருகும். ஒரு ராத்திரியில் கருகிய தேயிலை மறுபடி துளிர்க்க மாதக் கணக்காகும். அதனால் தேயிலை நாற்றுகளின் மேல் தாகைச் செடிகளை வெட்டிப் போட்டு மூடுவார்கள். அரசு தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளுக்குக் கோத்தகிரி மிலார் கொண்டு பந்தல் போடுவார்கள். காய்கறித் தோட்டங்களில் சூரியன் வருவதற்கு முன்பே தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுவார்கள். விடியற்காலை நாலு மணிக்கு அந்தத் தண்ணீரில் கை வைத்து வேலை செய்கிறவர்களைப் பார்த்த பிறகு, மார்க்கெட்டில் ஊட்டிக் கேரட்டுக்குப் பேரம் பேசுவது எனக்குக் கொஞ்சம் குறைந்தது.

இந்த மலையில் பழங்காலத்திலிருந்து இருந்தவர்கள் இதையெல்லாம் வீட்டிலேயே எழுதி வைத்திருந்தார்கள். தோடர்களின் பழைய வீட்டைப் பார்த்திருப்பீர்கள். அரை வட்டமாக வளைந்த கூரை தரை வரை இறங்கும். காற்றுக்குப் பிடிமானமே கொடுக்காத வடிவம். வாசல் மூன்றடி கூட இருக்காது, தவழ்ந்துதான் போக வேண்டும். உள்ளே அடுப்பு, வெளியே குளிர். நான் பார்த்த பழைய ஹட்டிகளும் சரிவின் மேலேதான் இருந்தன. பனி தேங்கும் அடிப்பள்ளம் பயிருக்கு, வீட்டுக்கு அல்ல.

காற்றைப் பற்றிச் சொல்லும்போது என் பள்ளிக்கூடம் ஞாபகம் வருகிறது. காரைக்காலில் கடலோரம் உட்கார்ந்துகொண்டு, பிரான்சின் பூகோளத்தை நெட்டுருப் போட்ட கூட்டம் நாங்கள். அதில் மிஸ்த்ரால் என்று ஒரு காற்று வரும். ஆல்ப்ஸ் மலைக்கும் மாஸிஃப் சந்த்ரால் மேட்டு நிலத்துக்கும் நடுவில் ரோன் நதியின் பள்ளத்தாக்கு. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று அந்த இடுக்கில் புகுந்து வேகம் பிடித்துத் தெற்கே கடலை நோக்கிப் பாயும். எஜமானன் போன்ற காற்று என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். ப்ரொவான்ஸ் விவசாயிகள் வடக்கு பார்த்து ஜன்னல் வைக்க மாட்டார்கள், வயலுக்கு சைப்ரஸ் மர வேலி போடுவார்கள். எங்கள் வகுப்பில் யாரும் மலையே பார்த்ததில்லை. பரீட்சைக்கு எழுதி மறந்துவிட்டோம்.

அவிநாசிக்கு வந்த பிறகுதான் அது பாலக்காட்டுக் கணவாயின் கதை என்று புரிந்தது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்தில் மலைச் சுவரில் ஒரு வாசல். அந்த வாசலுக்குக் கிழக்கே முற்றத்தில் உட்கார்ந்திருப்பது நாம். வைகாசி முதல் ஆவணி வரை அந்த வாசல் வழியாக வரும் மேல்காத்து நம் பக்கம் பாய்கிறது. ஆடியில் அம்மி பறப்பதும், கேத்தனூர், பூளவாடிப் பக்கம் காற்றாலைகள் விடாமல் சுற்றுவதும் அதனால்தான். கார்த்திகைக்கு மேல் திசை மாறுகிறது. வாடையும் கொண்டலும் நம் ஊரைத் தாண்டி மேற்கே போகின்றன. நமக்கு அது மெதுவான காற்று. வாளையாறு தாண்டியதும் இடுக்கில் நெருங்கி வேகம் எடுக்கிறது. பாலக்காடு, திருச்சூர்க்காரர்கள் அதற்கு விருச்சிகக் காற்று என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், அவர்களுடைய விருச்சிக மாதம் நம் கார்த்திகை. உதடு வெடிக்கும், தென்னை மட்டை விழும், சருகு பறக்கும்.

வாசலில் புகுந்த காற்று இப்படி. வாசல் கிடைக்காமல் சுவரில் மோதிய காற்றின் கதை வேறு. ஈரத்தோடு வரும் வடகிழக்குக் காற்று சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம் சமவெளியைக் கடந்து கோத்தகிரி, குன்னூர்ச் சரிவில் முட்டுகிறது. ஒதுங்கிப் போக இடமில்லாமல் மேலே ஏறுகிறது, ஏறினால் குளிர்கிறது, குளிர்ந்தால் மழை. அதனால்தான் கூடலூர், தேவாலாவுக்கு ஆனி ஆடியில் பெருமழை, குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகையில் பெருமழை. ஒரே ஜில்லாவில் இரண்டு மழைக்காலம். குன்னூர்வாசிக்கு டிசம்பர் பாதி வரை குடைதான் துணை. இருபது கிலோமீட்டர் தள்ளி ஊட்டியில் வெயில் அடிக்கும்.

1978 நவம்பரில் நான் குன்னூரில் இளநிலை உதவியாளர். அந்த வருஷம் ஐப்பசியிலிருந்தே மழை விடவில்லை. மண் குடிக்க முடிந்த அளவு குடித்துவிட்டது. பிறகு ஒரு ராத்திரி காற்றோடு வந்தது. சீகை மரங்கள் வேரோடு சாய்ந்து ரோட்டில் கிடந்தன. சீகையும் கற்பூர மரமும் இந்த மலையின் மரங்கள் அல்ல. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் வெள்ளைக்காரர்கள் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. சீகைக்கு வேர் ஆழமாகப் போகாது. மின்சாரம் கிடையாது, பஸ் கிடையாது. எங்களுக்கு வேலை சேத விவரப் பட்டியல். லாந்தர் வெளிச்சத்தில் மூன்று கார்பன் வைத்து டைப் அடித்தேன். ஊர், வீட்டு எண், குடும்பத் தலைவர், முழுச் சேதம் அல்லது பகுதிச் சேதம். கடைசிக் கட்டத்தில் குறிப்பு. சில வரிகளில் அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியது ஒரே ஒரு சொல்லாக இருக்கும். அதை டைப் அடிக்கும்போது யந்திரத்தின் சத்தம் அறை முழுக்கக் கேட்கும்.

அந்த வருஷம் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் மண் சரிந்தது. நிலவியல் துறையினர் வந்து ஆராய்ந்து அறிக்கை எழுதினார்கள். 1993 நவம்பர் 11 அன்று மேட்டுப்பாளையம் குன்னூர் ரோட்டில் மரப்பாலத்தில் மலையே இறங்கி ரோட்டையும் ரயில் பாதையையும் அடித்துக்கொண்டு போனது. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர்களும் அதில் போனார்கள். அந்தத் தடத்தில் நான் வாரா வாரம் போய் வந்திருக்கிறேன்.

பிறகு 2009. நான் ஓய்வு பெற்று அவிநாசியில் இருந்தேன். அரபிக்கடலில் பியான் புயல் உருவாகி மகாராஷ்டிரக் கரையைப் பார்த்துப் போன நாட்கள் அவை. புயல் போனது அந்தப் பக்கம், மழை கொட்டியது இந்தப் பக்கம். நவம்பர் 10 காலையோடு முடிந்த இருபத்துநாலு மணி நேரத்தில் கேத்தியில் பதிவான மழை 820 மில்லிமீட்டர். இந்த எண்ணை நம் ஊர்க்காரர்களுக்கு இப்படிச் சொன்னால் விளங்கும்: கோவை, அவிநாசிப் பக்கம் ஒரு முழு வருஷத்துக்கும் சேர்த்தே அறுநூறு, எழுநூறுதான். ஒரு வருஷத்துக்கும் மேலான மழையை ஒரே நாளில் ஒரு பள்ளத்தாக்கின் மேல் கவிழ்த்தால் என்ன ஆகும்? நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ராத்திரி தூங்கியவர்கள் மேல் மண் இறங்கியது. மலை ரயில் நின்றது. பேப்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி என்று பழகிய பெயர்கள் வந்தபோது, என் கை தன்னால் கடைசிக் கட்டத்தைத் தேடியது.

பெரோத்தே தேயிலையைத் தோண்டி எடுத்த பள்ளத்தாக்கு இதுதான். அவர் காலத்திலும் இதே மழை பெய்திருக்கலாம். ஆனால் அப்போது சரிவு முழுக்கப் புல்வெளியும் இடுக்குகளில் சோலையும்தான். மழையைச் சோலை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் ஓடையாக விட்டது. இன்று அந்தச் சரிவுகளில் வெட்டி நிமிர்த்திய மண் சுவர்கள், அவற்றின் கீழே வீடுகள், மேலே அடுத்த வீட்டின் கழிவுநீர்க் குழாய். ஓடை இருந்த இடத்தில் ரோடு. தண்ணீர் தன் வழியை மறப்பதில்லை. காற்றும் மழையும் மாறிவிட்டன என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவை மாறியிருக்கலாம். ஆனால் நாம் போய் அவற்றின் வழியில் உட்கார்ந்ததும் உண்மைதானே. குன்னூரில் ஒரு வீட்டுக்குப் பின்னால் இருபதடி உயரத்துக்கு மண்ணை நேராகச் செதுக்கியிருந்ததைப் பார்த்து, பயமாக இல்லையா என்று கேட்டேன். "எங்க போறதுங்க சார், மேட்டுல இடம் வாங்க நம்மால ஆகுமா?" என்றார் அந்த அம்மா. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மழை ஓய்ந்து உறைபனி முடிந்ததும் குளிர்காலத்தின் கடைசி ஆட்டம் வரும். பனியில் கருகிய புல் தையிலேயே சருகாகிவிடும். அதன் மேல் கிழக்கிலிருந்து வரும் காய்ந்த காற்று. மாசி பங்குனியில் ஒரு பீடித் துண்டு போதும், மலை சிவந்துவிடும். அதனால்தான் வனத்துறை ஜனவரியிலேயே தீத்தடுப்புக் கோடு வெட்டத் தொடங்குகிறது. பனி, காற்று, தீ மூன்றுக்கும் ஒரே கயிறு.

இந்த மார்கழி லீவில் பேரப்பிள்ளைகளோடு ஊட்டி போக நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். காலையில் கருவலூர் ரோட்டில் கொஞ்சம் வெட்டவெளியாகப் பார்த்து நின்று வடமேற்கே பாருங்கள். நீலகிரி மடிப்பு மடிப்பாக, கைக்கெட்டுவது போலத் தெளிவாகத் தெரிந்து, காற்றும் அடங்கியிருந்தால், அன்று ராத்திரி தலைக்குந்தாவில் பனி விழும் என்று நம்பிக் கிளம்பலாம். கம்பளி, மங்கி கேப் எடுத்துக்கொள்ளுங்கள். மலையே தெரியாமல் வெள்ளையாக மூடியிருந்து, கொண்டல் வீசிக்கொண்டிருந்தால் பனி இருக்காது, பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். அதோடு இரண்டு நாளாக விடாத மழை என்றும் செய்தி வந்தால், அன்னூரிலேயே டீ குடித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். லீவு அடுத்த வருஷமும் வரும்.